வாடையிற் சாய்ந்த பட்டிகள்

குளிரால் உயிர் மடிவது பனி பெய்யும் நாடுகளின் துன்பம் என்றே நம்மவருட் பலர் எண்ணி வந்தனர். 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. வங்காள விரிகுடாவில் எழுந்த மாண்டஸ் புயல், 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அண்மையிற் கரையைக் கடந்தது. அதையொட்டிப் பெய்த மழையும் வீசிய கடுவாடையும் நம் வடக்கு, கிழக்கு மாகாணங்களை வாட்டின. சில நாட்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விறைத்து மடிந்தன.

கொள்ளை நோயோ என்ற ஐயம் எழுந்தது. இவ்விரு மாகாணங்களிலிருந்தும் இறைச்சியை வெளியே கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. கால்நடை வைத்தியத் துறையினர் ஆராய்ந்து, குளிரதிர்ச்சியே காரணம் என்றனர். வைத்தியரின் விடை சரியானதே. ஆயினும் ஆள்வோர் விடைகூற வேண்டிய வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. அக்குளிரைத் தாங்கும் நிலையில் அம்மாடுகள் ஏன் இருக்கவில்லை?

மாட்டுக்கு அதன் உரோமமே போர்வை. உலர்ந்த உரோமத்தினிடையே தங்கும் காற்று உடற்சூட்டைக் காக்கும். மழையில் நனைந்தால் அப்போர்வை பயனற்றுப் போகும். எஞ்சிய சூட்டை வாடை பறிக்கும். உள்ளிருந்து சூடு தருவது இரைப்பையிற் செரிக்கும் தீன். வயிறு நிறைந்து கொட்டிலில் நிற்கும் மாடு பிழைக்கும். வெறுவயிற்றோடு வெள்ளத்தில் நிற்கும் மாடு சாயும். கன்றுகளும் மெலிந்தவையும் முதலிற் சாயும்.

மார்கழியில் நம் பட்டிகளின் நிலை யாவரும் அறிந்ததே. வயலெங்கும் காலபோக நெல் நிற்கின்றது. அறுவடை முடியும்வரை மாடு அங்கே இறங்கலாகாது. ஆகவே பட்டிக்காரர் காட்டோரங்களுக்கும் தரவைகளுக்கும் மாடுகளை ஓட்டிச் செல்கின்றனர். அங்கே கூரை இல்லை, வைக்கோல் இல்லை, வெள்ளம் பெருகினால் ஏறி நிற்க மேடும் பலவிடங்களில் இல்லை. அத்தரையேனும் நிலைக்குமா என்பதே இன்று ஐயம். மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவணைப் பகுதிகளில் வெளியார் புகுந்து பயிர்செய்யத் தொடங்கியதனால், மேய்ச்சல் தரையை மீட்டுத் தருமாறு கோரிப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். தரையை இழந்த பட்டி, மாரியில் ஒதுங்கும் இடத்தையும் இழக்கின்றது.

1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம், மாட்டுக்குக் குறியிடுவது பற்றியும் அது பிறர் நிலத்திற் புகுவது பற்றியும் விதிக்கின்றது. பயிரில் வாய் வைத்த மாட்டுக்கு உடையவன் பதில் சொல்ல வேண்டும், அது நீதியே. அம்மாட்டின் மேய்ச்சல் தரை பறிபோனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

மொங்கோலிய நாட்டைப் பாருங்கள். புல் உறைபனியில் புதைந்து மந்தைகள் பட்டினியாலும் குளிராலும் மடியும் கொடுமாரியை அந்நாட்டார் ‘ட்சுட்’ என்பர். 2023–24 மாரியில் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் அவ்வாறு அழிந்தன. மந்தை இழந்த குடும்பங்கள் தலைநகர் உலான்பாத்தரின் ஓரத்தில் கூடாரம் அடித்து, நிலக்கரி எரித்துக் குளிர் காய்கின்றன. அப்புகை நகரின் காற்றையே நஞ்சாக்கிற்று. ஆயினும் அங்கே 2006 முதல் ஒரு காப்புறுதி முறை வந்தது. ஒரு பகுதியின் கால்நடை இறப்பு விகிதம் குறித்த அளவைக் கடந்தால், அப்பகுதியிற் காப்புறுதி செய்தோர் அனைவருக்கும் பணம் கிடைக்கும். தன் மாடு செத்ததென்று ஒவ்வொருவனும் சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

நம் பட்டிக்காரனின் நிலையோ வேறு. 2009இற் போர் முடிந்தபின் வெறுங்கையோடு மீளக்குடியேறிய வன்னிக் குடும்பங்கள் பலவற்றுக்கு மாடே முதல் தேட்டம். பிள்ளையின் கொப்பியும் வீட்டுக்கு அரிசியும் அந்தப் பாற்காசிலேயே வருகின்றன. ஒரே இரவில் அத்தேட்டம் சாய்ந்தால், காட்டிற் கிடக்கும் உடலைத் தவிர அவனிடம் வேறென்ன பத்திரம் உண்டு?

நாம் கேட்பது சலுகையன்று. மேய்ச்சல் தரைகளை அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானியிற் பிரசுரிக்க வேண்டும். மேட்டு நிலங்களிற் பொதுக் கொட்டில்கள் எழ வேண்டும். கடற்றொழிலாளருக்குப் புயல் எச்சரிக்கை விடுப்பதுபோலப் பட்டிக்காரருக்கும் குளிர் எச்சரிக்கை விடுக்க வேண்டும். பகுதி இழப்பை அளவுகோலாகக் கொண்ட காப்புறுதி வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. சூடடித்தபின் வைக்கோலை எரிக்கும் கமக்காரர், அதை மாரிக்கெனப் போராக வைத்தல் வேண்டும். கற்ற வகுப்பினர், சிறப்பாக நில அளவையாளரும் சட்டத்தரணிகளும், பட்டிக்காரரின் நில உரிமைச் சான்றுகளைத் திரட்டித் தர முன்வர வேண்டும். இவற்றை அடுத்த மார்கழிக்கு முன் தொடங்குவோம். வாடை தொடங்கியபின் கூடும் கூட்டத்தால் ஒரு கன்றும் பிழைக்காது.