பழைய சவுண்டு கார்டுக்கு இந்த விலை தகுமா?

காயலான் கடை. தராசின் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர்.

கடைக்காரர் அதைப் பிரிக்கிறார். தகரப் பெட்டி ஒரு பக்கம் போகிறது. ஒயர்கள் ஒரு பக்கம் போகின்றன. உள்ளே இருக்கும் பச்சை அட்டைகள் ஒரு சாக்குக்குள் போகின்றன. எல்லாவற்றுக்கும் கிலோ கணக்கில்தான் விலை!

அந்தச் சாக்குக்குள் ஒரு "சவுண்டு கார்டு" கிடக்கலாம். கம்ப்யூட்டரைப் பேசவும் பாடவும் வைக்கும் ஒலி அட்டை அது. அதே போன்ற அட்டை வெளிநாட்டு ஏலத்தில் நூறு டாலர், இருநூறு டாலர் என்று போகிறது. அரிய ரகமாக இருந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டியும் போகிறது.

இங்கே எடைக்கு எடை. அங்கே தங்கத்தின் மதிப்பு. இதில் எது நியாயமான விலை?

இரண்டுமே இல்லை! ஓர் இடத்தில் பொருளின் அருமை தெரியவில்லை. மற்றோர் இடத்தில் பெயருக்கு விலை கொடுக்கிறார்கள்.

ஊமை எந்திரம்

1981-ம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனி தனது பர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆபீசுக்காகச் செய்த எந்திரம் அது. கணக்குப் போடும். கடிதம் அடிக்கும். பாட்டுக்கும் அதற்கும் தூரம். உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. அது "பீப்" என்று கத்தும். அவ்வளவுதான்.

"பிரின்ஸ் ஆஃப் பெர்சியா" என்ற விளையாட்டு பலருக்கு நினைவிருக்கும். இளவரசன் ஓடுவான், தாவுவான், வாள் வீசுவான். 1990-ம் ஆண்டில் அது இந்த ரகக் கம்ப்யூட்டருக்கு வந்தது. சவுண்டு கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த இளவரசனுக்குக் கிடைத்தது வெறும் "கீச்" சத்தம். கார்டு உள்ள கம்ப்யூட்டரிலோ இசை கேட்டது. ஒரே விளையாட்டுதான். ஆனால் பக்கத்து வீட்டில் வேறு விளையாட்டுப் போலத் தோன்றும்!

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் ஓர் இசைப் பேராசிரியர் இருந்தார். மார்ட்டின் பிரெவெல் என்பது அவர் பெயர். அவர் தொடங்கிய "ஆட்லிப்" கம்பெனி 1987-ம் ஆண்டில் ஒரு கார்டை வெளியிட்டது. ஜப்பானிய யமஹா கம்பெனியின் சிப் ஒன்று அதில் இருந்தது. ஒரே நேரத்தில் ஒன்பது குரல்களில் அது இசைத்தது.

அதே 1987-ல் ஜப்பானின் ரோலண்டு கம்பெனி "எம்.டி.32" என்ற இசைப் பெட்டியை வெளியிட்டது. அதன் இசை இன்னும் அருமை. ஆனால் விலை 695 டாலர்! பணக்கார வீட்டுக்குத்தான் அது எட்டும். ஆட்லிப் கார்டின் விலை அதைவிட எவ்வளவோ குறைவு. 1988-ல் வெளிவந்த "கிங்ஸ் குவெஸ்ட் 4" என்ற விளையாட்டுக்கு இந்த இரண்டிலும் கேட்கும்படி இசை அமைத்தார்கள். விளையாட்டுக்காகக் கார்டு வாங்கும் பழக்கம் அப்படித்தான் பரவியது.

சிங்கப்பூரின் வெற்றி

இந்தக் கதையில் பெரிய பங்கு சிங்கப்பூருக்கு உரியது.

சிம் வோங் ஹூ என்ற வாலிபர் 1981-ல் அங்கே சைனாடவுன் பகுதியில் ஒரு சிறு கடை போட்டார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கடை. அதற்கு "கிரியேட்டிவ்" என்று பெயர். அவருக்கு மவுத் ஆர்கன் வாசிப்பதில் ஆசை. கம்ப்யூட்டரும் வாசிக்க வேண்டும் என்று விரும்பினார். முதலில் செய்தவை பெரிதாக ஓடவில்லை. 1989-ல் "சவுண்டு பிளாஸ்டர்" வந்தது. உலகமே வாங்கியது!

அது ஓடியதன் ரகசியம் என்ன? ஆட்லிப் கார்டில் இருந்த அதே யமஹா சிப் இதிலும் உண்டு. ஆகவே ஆட்லிப்புக்காக எழுதிய இசை எல்லாம் இதில் கேட்கும். அதற்கு மேல், மனிதக் குரலையும் வெடிச் சத்தத்தையும் பதிவு செய்தபடியே திருப்பிச் சொல்லும். விளையாட்டுக் கைப்பிடியைச் செருகும் துளையும் அதிலேயே உண்டு. அந்தத் துளைக்காகத் தனியாக இன்னொரு கார்டு வாங்க வேண்டாம். ஒரு கார்டு வாங்கினால் மூன்று வேலை! குடும்பத்தலைவருக்குப் பிடித்த கணக்கு அது.

1992-ம் ஆண்டில் ஆட்லிப் கம்பெனி திவாலாகியது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. சிம் வோங் ஹூ 2023-ம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.

கதவு எண் 220

இங்கே ஒரு கேள்வி எழும். புதிய சவுண்டு கார்டு கடையில் கிடைக்கிறதே! பழையதைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

ஒரு உதாரணம் பார்க்கலாம். இன்றைய புரோகிராம் தபாலாபீசில் கடிதம் கொடுப்பது போல வேலை செய்கிறது. "இந்தப் பாட்டைப் போடு" என்று விண்டோஸிடம் கொடுத்துவிடும். எந்தக் கார்டு, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் விண்டோஸின் கவலை.

டாஸ் காலத்துப் பழைய புரோகிராம் அப்படி அல்ல. அது நேரே கார்டின் வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டும். ஆட்லிப்பின் கதவு எண் 388. சவுண்டு பிளாஸ்டரின் வழக்கமான கதவு எண் 220. புதிய கார்டு அந்த வீட்டில் குடியிருக்கவில்லை. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய விளையாட்டு மவுனமாகிவிடும்.

கார்டைச் செருகும் ஸ்லாட்டும் மாறிவிட்டது. பழைய கார்டுகளுக்கு "ஐ.எஸ்.ஏ." என்ற நீண்ட ஸ்லாட் வேண்டும். 2000-ம் ஆண்டுக்குப் பிறகு வந்த சாதாரணக் கம்ப்யூட்டர்களில் அது மறைந்துபோயிற்று. அதற்கு அடுத்து வந்த "பி.சி.ஐ." கார்டுகளில் சில, பழைய கார்டு போல நடிக்கப் பார்த்தன. நடிப்பு முழுக்க ஒட்டவில்லை.

இதற்கிடையில் 1997-ல் இன்டெல் கம்பெனி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்பின் ஒலிக்கான சிப் மதர்போர்டிலேயே வந்துவிட்டது. தனி சவுண்டு கார்டு வாங்கும் அவசியம் போய்விட்டது. மக்கள் பழைய கார்டுகளைக் குப்பையில் போட்டார்கள். கூடை கூடையாக!

அன்று அவற்றில் விளையாடிய பிள்ளைகள் இன்று நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். கையில் சம்பளம் இருக்கிறது. மனதில் ஏக்கம் இருக்கிறது. குப்பைக்குப் போனது போக மிச்சம் இருப்பவை கொஞ்சம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

"பரிசோதிக்கவில்லை"

அவரவர் பணம், அவரவர் ஆசை. பழைய தபால்தலைக்கு லட்சம் கொடுப்பவர் இல்லையா? ஆட்லிப்பின் அசல் கார்டை அலமாரியில் வைத்து அழகு பார்க்க விரும்புகிறவர் விலை கொடுக்கட்டும். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

குறை சொல்ல வேண்டியது வேறு. ஏல அறிவிப்புகளில் ஒரு வாசகம் அடிக்கடி வருகிறது: "பரிசோதிக்கவில்லை." விலை மட்டும் நன்றாக இருக்கும் கார்டின் விலை! வியாபாரம் செய்கிறவரிடம் அதைச் செருகிப் பார்க்க ஒரு பழைய கம்ப்யூட்டர் கூடவா இருக்காது? செருகிப் பார்த்து ஒலி கேட்டிருந்தால் அதை முதல் வரியிலேயே போட்டிருக்க மாட்டாரா? முப்பது ஆண்டுக் கார்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கலாம். கால்கள் துருப்பிடித்திருக்கலாம். ஒலி கேட்குமா என்று சொல்லாமல் ஒலி அட்டையை விற்பது, பால் கறக்குமா என்று சொல்லாமல் மாட்டை விற்பது போலத்தான். நம் நாட்டில் இருந்து வாங்குகிறவருக்குத் தபால் செலவும் சுங்க வரியும் வேறு சேரும். திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமா?

விளையாட வேண்டும், இசை கேட்க வேண்டும் என்பதே ஆசையானால், பெயர்பெற்ற கார்டு எதற்கு? அதே காலத்தில் பெயர் இல்லாத கார்டுகள் எத்தனையோ வந்தன. அவற்றில் இ.எஸ்.எஸ். சிப் அல்லது யமஹா சிப் உள்ளவை சவுண்டு பிளாஸ்டர் போலவே வேலை செய்கின்றன. சிலவற்றில் இரைச்சல்கூடக் குறைவு! ஏலக்காரர்கள் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைப் பார்க்கிறார்கள். கெட்டிக்காரர் சிப்பின் மேல் உள்ள சிறு எழுத்தைப் பார்ப்பார்.

புதிதாகச் செய்த கார்டும் இருக்கிறது. "பிக்கோகஸ்" என்று பெயர். 2021-ல் 4 டாலர் விலையில் வெளிவந்த "ராஸ்பெரி பை பிக்கோ" என்ற சிறு அட்டையை வைத்துச் செய்தது. பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் செருகலாம். ஆட்லிப் போலவும், சவுண்டு பிளாஸ்டர் போலவும், 1992-ல் வந்த அரிய "கிராவிஸ் அல்ட்ராசவுண்டு" போலவும் அது இசைக்கிறது. அதன் வரைபடத்தை யாரும் பார்க்கலாம், செய்யலாம். ஏலக்காரர்களின் ஆட்டத்தை அடக்க இதைவிட நல்ல மருந்து இல்லை. ரகசியம் என்று இன்னும் எதைப் பூட்டி வைப்பது? அந்த யமஹா சிப்பின் மூல வித்தையை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சவுனிங் கண்டுபிடித்தார். 1977-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையும் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கம்பெனிகள் தாங்கள் கைவிட்ட கார்டுகளின் வரைபடங்களையும் புரோகிராம்களையும் இதே போல வெளியிட்டால் யாருக்கு நஷ்டம்? அந்தச் சரக்கை அவர்கள் இனி விற்கப் போவதில்லை.

காசே வேண்டாம் என்பவருக்கும் வழி உண்டு. "டாஸ்பாக்ஸ்" என்ற இலவச புரோகிராம் 2002-ல் இருந்து கிடைக்கிறது. இன்றைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் போல அது நடிக்கும். கதவு எண் 220-ல் தட்டினால் அதுவே "யார்?" என்று குரல் கொடுக்கும்!

வீட்டுக் கம்ப்யூட்டர் ஊமையானால்

ஏலம் கீலம் எல்லாம் ஆசைக்காரர் சமாசாரம். பல வீடுகளில் உள்ள தொல்லை வேறு. பத்து, பதினைந்து வயதான கம்ப்யூட்டர் ஒன்று பிள்ளைகளின் படிப்புக்காக இருக்கும். ஒருநாள் சத்தம் நின்றுவிடும். "மதர்போர்டை மாற்ற வேண்டும்" என்பார் ரிப்பேர்க்காரர். "புதிதாகவே வாங்கிவிடுங்கள்" என்பார் இன்னொருவர். அப்பாவின் முகம் வாடும்.

பயப்பட வேண்டாம். முதலில் வேறு ஸ்பீக்கரையோ ஹெட்போனையோ மாட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஒலிக்கான டிரைவர் புரோகிராமை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால், கட்டைவிரல் அளவில் "யு.எஸ்.பி. சவுண்டு கார்டு" கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பெட்டியைத் திறக்காமலே வெளியில் செருகலாம். பாடம் கேட்க அது தாராளமாகப் போதும்.

சாக்குக்குள் போகும் முன்

இனி, பரண் மேல் கிடக்கும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர். அதைக் காயலான் கடைக்குத் தூக்கும் முன் பெட்டியின் பின்புறத்தைப் பார்ப்பது நல்லது. ஒரு நீண்ட செருகுவாய் தெரியும். மேல் வரிசையில் எட்டு, கீழ் வரிசையில் ஏழு, ஆக 15 துளைகள். பக்கத்தில் ஹெட்போன் மாட்டுகிற மாதிரி சின்ன வட்டத் துளைகள் மூன்று நான்கு. இப்படி இருந்தால் அது சவுண்டு கார்டாக இருக்கலாம். மூன்று வரிசையாக 15 துளை இருந்தால் அது திரையை மாட்டும் இடம். குழப்பிக்கொள்ளக் கூடாது.

மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு திருகைக் கழற்றினால் கார்டு கையோடு வரும். தேவைப்படுகிறவர் யாராவது நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்வார். மிச்சத்தைத் தராசில் வைக்கலாம். அதனால் எடையில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது!