எல்லாரும் பல் தேய்க்கிறார்கள், சரி!

போன ஆடி மாதம் சிலம்பணிப் பிள்ளையார் கோவில் வாசலில் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் 3 லட்சத்தை, டூத் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் பங்கில் போடப் போகிறாராம். மருமகன் சொன்ன யோசனை.

"அண்ணே, நாட்டில் பல் தேய்க்காதவன் உண்டா? இதில் எப்படி நஷ்டம் வரும்?" என்றார்.

1995-ல் நானும் இப்படித்தான் நினைத்தேன். ஒரு பற்பசைக் கம்பெனியின் புதுப் பங்குக்கு 5,000 ரூபாய் கட்டினேன். கம்பெனி போன இடம் தெரியவில்லை. பத்திரம் மட்டும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

எல்லாரும் பல் தேய்க்கிறார்கள், வாஸ்தவம். யாருடைய பேஸ்ட்டில் தேய்க்கிறார்கள் என்பதல்லவா கேள்வி? நம் சின்ன வயதில் வேப்பங்குச்சி, சாம்பல், கோபால் பல்பொடி. அதை விட்டுப் பேஸ்ட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கோல்கேட்டுக்குத்தான் போனார்கள். 1937-லேயே இந்தியாவில் கம்பெனியாகப் பதிவானவர்கள் அவர்கள். நம்மில் பலர் கடையில் பேஸ்ட் என்று கேட்பதில்லை, கோல்கேட் என்றே கேட்கிறோம். அந்தப் பழக்கத்தை மாற்ற எவ்வளவு விளம்பரம் செய்ய வேண்டும்!

நல்ல பெயர் எடுத்தவர்களே தனியாக நிற்கவில்லை. சிபாகா 1994-ல் கோல்கேட்டிடம் போயிற்று. பிராமிஸ், பபூல், மிஸ்வாக் மூன்றையும் வைத்திருந்த பால்சாராவை 2005-ல் டாபர் 143 கோடிக்கு வாங்கியது. விற்றவருக்குக் காசு வந்தது. பெயர் இருந்ததால் வந்தது.

பெயரே இல்லாத கம்பெனி என்ன செய்யும்? இமாச்சலத்தில் காலா அம்ப் என்ற ஊரில் ஆலை வைத்து, 2006-ல் பங்குச் சந்தைக்கு வந்த ஜே.எச்.எஸ். ஸ்வென்ட்கார்ட் போல, மற்றவர்கள் பெயரில் விற்க பிரஷ்ஷும் பேஸ்ட்டும் செய்து கொடுக்கலாம். அது நேர்மையான தொழில்தான். ஆனால் விலையைச் சொல்வது வாங்குகிறவர். அவர் நாளைக்கு வேறு ஆளிடம் போனால் இயந்திரம் சும்மா நிற்கும்.

நம்மூரிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் ஐந்தொகை பார்க்காமல் எதையும் நம்பியதில்லை. அதைத்தான் நண்பரிடம் சொன்னேன். நாலு விஷயம் பாருங்கள். சொந்தப் பெயரில் விற்பது எவ்வளவு? விற்றது ரொக்கமாக வந்ததா, ஸ்டாக்கிஸ்ட்டிடம் பாக்கியாக நிற்கிறதா? ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கிறதா? முதலாளி தன் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா? மருமகன் பதில் கொண்டுவரட்டும், பிறகு போடலாம் என்றேன்.

நண்பர் போடவில்லை. பங்கு விலையோ அடுத்த இரண்டே மாதத்தில் ஏறிவிட்டது. நேற்றும் சொல்லிக் காட்டினார்: "போட்டிருந்தால் இந்நேரம் 60,000 லாபம் அண்ணே."

இருக்கலாம். அவர் வீட்டில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்தான். ஆனால் விலை ஏறியது என் நாலு கேள்விக்கும் பதில் ஆகாது. திரும்பச் சம்பாதிக்க முடியாத வயதில் இருக்கிறோம். வராத லாபத்தைத் தாங்கிக்கொள்ளலாம், போன முதலைத் தாங்க முடியாது.

மருமகன் பதில் கொண்டுவந்தால் நானும் சேர்ந்து வாங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.