ஆயிரம் முதலைகளை வண்டியில் ஏற்றுவது எப்படி? பலத்தைவிட நேரம்தான் முக்கியம்!

பொம்மையார்பாளையத்திலிருந்து ஈசிஆரில் வடக்கே போனால் மரக்காணம், மாமல்லபுரம் தாண்டி வடநெம்மேலி வரும். 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை அங்கேதான் இருக்கிறது. அழிந்துவந்த முதலைகளைப் பெருக்கி ஆறுகளில் விடுவதுதான் திட்டம். பெருக்கம் அமோகமாக நடந்தது. விட இடம்தான் இல்லாமல் போச்சு. நெரிசலைக் குறைக்க, 1,000 மக்கர் முதலைகளை குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சரி, ஒரு முதலையைப் பிடித்து எப்படிப் பெட்டிக்குள் வைப்பது?

வாயை மூடும் தசைக்குத்தான் அசுர பலம். திறக்கும் தசை ரொம்ப வீக். அதனால் முதலில் மேல்தாடையில் கயிற்றுச் சுருக்கு. வாய் மூடியதும் டேப். மூக்குத் துளைகளை அடைக்கக் கூடாது. கண்களை ஈரத்துணியால் மூடினால் ஓரளவு அடங்கும். வாயைக் கட்டியாச்சு என்று அசந்தால், வால் ஒரே வீச்சில் காலை முறித்துவிடும்.

உண்மையான சிக்கல் வேறு. சண்டை நீண்டால் ஆபத்து முதலைக்கும்தான். திமிறும்போது அதன் தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே வேலை செய்கின்றன. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. உடல் பெரிதாக இருந்தால் பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும். சில சமயம் பிடிபட்ட பிறகு செத்தும் போகும். வீடியோவில் 'கெத்தாக' தெரியும் அந்த நீண்ட இழுபறி, உண்மையில் மோசமான வேலை.

மயக்க ஊசி போடலாமே? குளிர் ரத்தப் பிராணிக்கு மருந்து மெதுவாகத்தான் ஏறும். அரை மயக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கினால் மூழ்கிவிடும்.

அதனால்தான் வடநெம்மேலியில் சில முதலைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். பெயரைக் கூப்பிட்டால் வரும். குச்சி முனையைத் தொட்டால் இறைச்சி கிடைக்கும். தானாகவே நகர்ந்து வரும் முதலையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

சிதம்பரம் பக்கத்து கிராமங்களில் இந்த வசதி கிடையாது. குளத்தில் முதலை வந்தால் சில நேரம் ஊர் இளைஞர்களே கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். வனத்துறை வந்து வக்காரமாரி ஏரியில் விடும்வரை அதை நிழலில் வைத்து, உடம்பை நனைத்து, செல்ஃபி கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினாலே பாதி ஆபத்து குறையும். அவிழ்க்கும் வேலையை வனத்துறையிடமே விடுங்கள். கட்டுவதைவிட அதுதான் ரிஸ்க்.