கர்லின் குறிகள் வெறும் மரபா?

வெக்டர் நுண்கணிதம் பயிலும் மாணவர்களிடமும், அதைக் கற்பிப்போர் பலரிடமும் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. ஒரு வெக்டர் புலம் ஒரு புள்ளியில் எந்த அச்சைச் சுற்றி எவ்வளவு சுழல்கிறது என்பதைக் காட்டும் கர்லின் வாய்பாட்டில் வரும் கூட்டல், கழித்தல் குறிகள் யாவும் அறிஞர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்றும், அணிக்கோவையை மனப்பாடம் செய்துவிட்டால் காரணம் தேட வேண்டியதில்லை என்றும் அவர்கள் கருதுகின்றனர். இதில் சிறிதளவு உண்மை உண்டு. அச்சிறிதளவை முழு உண்மையாகக் கொள்வதுதான் கேடு.

இரண்டு பகுதி வகைக்கெழுக்களுக்கு இடையே நிற்கும் கழித்தல் குறி மரபு அன்று. எக்ஸ்-ஒய் தளத்தில் மிகச் சிறிய செவ்வகம் ஒன்றின் விளிம்பை இடஞ்சுழியாகச் சுற்றிவந்து, ஒவ்வொரு பக்கத்திலும் செல்லும் திசையில் புலத்துக்குள்ள கூறைப் பக்க நீளத்தால் பெருக்கிக் கூட்டினால், கீழ்ப்பக்கம் எக்ஸ் அச்சின் நேர்த்திசையிலும் மேற்பக்கம் அதன் எதிர்த்திசையிலும் கடக்கப்படுவதால், எக்ஸ் கூறின் பங்கு கீழ் மதிப்பிலிருந்து மேல் மதிப்பைக் கழித்ததாக அமைகிறது. வகைக்கெழுவோ மேல் மதிப்பிலிருந்து கீழ் மதிப்பைக் கழிப்பதாகும். ஆகவே அங்கே கழித்தல் குறி தானே வந்து சேர்கிறது. வலப்பக்கத்தில் பயணம் மேல்நோக்கியும் இடப்பக்கத்தில் கீழ்நோக்கியும் இருப்பதால் ஒய் கூறின் பங்கு கூட்டல் குறியுடனேயே நிற்கிறது. சுற்றை வலஞ்சுழியாக மாற்றினால் இரண்டு குறிகளும் ஒருசேர மாறுமேயன்றி, அவற்றுக்கிடையிலான எதிர்மை மாறாது.

இதை மறுப்போர் ஒரு சுழலும் தட்டை எண்ணிப் பார்க்கலாம். மையத்தைச் சுற்றிச் சீரான கோணவேகத்துடன் இடஞ்சுழியாகச் சுழலும் தட்டில், திசைவேகத்தின் எக்ஸ் கூறு, கோணவேகத்தை ஒய் தொலைவால் பெருக்கி எதிர்க்குறி இட்டதாகும்; ஒய் கூறு, அதே கோணவேகத்தை எக்ஸ் தொலைவால் பெருக்கியதாகும். கழித்தல் குறியுள்ள வாய்பாடு இதற்குக் கோணவேகத்தின் இரு மடங்கைத் தருகிறது. அக்குறியைக் கூட்டலாக்கினால் விடை சுழி. அதாவது, கண்ணெதிரே சுழலும் தட்டு சுழலவில்லை என்றாகிவிடும். எந்த ஒப்பந்தத்தாலும் இந்த விடையைச் சரியாக்க முடியாது.

அணிக்கோவையின் நடு உறுப்பில் வரும் கழித்தல் குறியே மாணவர்களை மிகுதியாகக் குழப்புவது. ஒய் கூறு மற்ற இரண்டிலிருந்து வேறுபட்டதென்ற எண்ணம் தவறானது. எக்ஸிலிருந்து ஒய்க்கும், ஒய்யிலிருந்து இசட்டுக்கும், இசட்டிலிருந்து மீண்டும் எக்ஸுக்கும் செல்லும் வட்ட வரிசையில் மூன்று கூறுகளும் ஒரே வடிவின. எக்ஸை வலப்புறமாகவும் இசட்டை மேல்நோக்கியும் தாளில் வரையும் வழக்கத்தில், ஒய் அச்சு பார்ப்பவரைவிட்டு விலகித் தாளுக்குள் செல்வதால், நேர்ச்சுற்று அவர் கண்ணுக்கு வலஞ்சுழியாகத் தெரிகிறது. பிழை அங்கேதான் பிறக்கிறது, வாய்பாட்டில் அன்று.

அப்படியானால் மரபு எது? வலக்கையைத் தேர்ந்தது மட்டுமே. மேக்ஸ்வெல் 1873-இல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலில், வலத்திருகாக வளரும் திராட்சைக் கொடியின் பற்றுக்கம்பியையும் இடத்திருகாக வளரும் ஹாப் கொடியையும் காட்டி, திராட்சையின் முறையைத் தாம் ஏற்பதாகத் தெளிவாகவே அறிவித்தார். அது உண்மையான தேர்வு. இடக்கை முறையை ஏற்றிருந்தால் ஒவ்வொரு கர்லும் எதிர்த்திசையில் நின்றிருக்கும்.

ஆனால் அத்தேர்வை மாற்றினாலும் ஃபாரடே விதியின் கழித்தல் குறி அசையாது. மின்புலத்தின் கர்ல், காந்தப்புலம் காலத்தோடு மாறும் வீதத்தின் எதிர்க்குறி மதிப்புக்குச் சமம் என்கிறது அவ்விதி. காந்தப்புலத்தின் திசையும் அதே கைவிதியால் வரையறுக்கப்படுவதால், கையை மாற்றும்போது சமன்பாட்டின் இருபுறமும் சேர்ந்தே திரும்புகின்றன. எஞ்சி நிற்கும் கழித்தல் குறி, தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் என்ற லென்ஸ் விதியைத் தாங்கி நிற்கிறது.