இ.எஸ்.ஐ. அரையாண்டுக் கணக்கைத் தொழிலாளர்க்கு முன்கூட்டியே தமிழில் அறிவிக்கக் கோரும் மனு

பெறுநர்:
தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தின் (இ.எஸ்.ஐ.) மண்டல அதிகாரி அவர்கள்;
தமிழ்நாடு மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள் (இ.எஸ்.ஐ.) இயக்குநர் அவர்கள்.

அனுப்புநர்:
திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர்களின் சங்கம்.

பொருள்: சந்தா காலம், பயன் காலம், காப்பீட்டு எண், குடும்பப் பதிவு ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறை சரிபார்க்க வழி செய்தல் தொடர்பாக.



1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்து, 1955இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழ்நாட்டை வந்தடைந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில், 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சந்தா ஊதியத்தில் 0.75 விழுக்காடாகவும் நிறுவனத்தின் சந்தா 3.25 விழுக்காடாகவும் இருந்து வருகின்றன. மாதம் 14,000 ரூபாய் பெறும் ஒருவரின் பெயரில் அவருடைய பங்காக 105 ரூபாயும் நிறுவனத்தின் பங்காக 455 ரூபாயும் மாதந்தோறும் கட்டப்படுகின்றன. ஆனால் அந்த 560 ரூபாய் எந்த அரையாண்டுக்கான உரிமையைத் தருகிறது என்பதை அறிந்த தொழிலாளர் தையல் பிரிவிலும் செக்கிங் பிரிவிலும் மிகச் சிலரே. அந்த அறியாமையின் விலை நோயுற்ற நாளில்தான் தெரியவருகிறது என்பதே இம்மனுவுக்குக் காரணம்.

இத்திட்டத்தில் பணம் கட்டும் ஆறு மாதமும் பலன் பெறும் ஆறு மாதமும் வேறுவேறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தா காலத்துக்கு உரிய பயன் காலம் அடுத்த ஆண்டின் ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தா காலத்துக்கு உரியது ஜூலை முதல் டிசம்பர் வரை. நோய்க்கால உதவித்தொகை, அதாவது மருத்துவச் சான்றின் பேரில் வேலைக்குப் போகாத நாள்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு என்ற அளவில் அடுத்தடுத்த இரு பயன் காலங்களில் மொத்தம் 91 நாள் வரை கிடைக்கும் தொகை, உரிய சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருந்தால் மட்டுமே வழங்கப்படும்.

நாள் கூலி 500 ரூபாய் பெறும் ஒரு பவர்டேபிள் தொழிலாளி, பிரசவத்துக்காகச் சொந்த ஊருக்குப் போன மகளுடன் தங்க நேர்ந்ததால் அக்டோபர்–மார்ச் காலத்தில் 60 நாள் மட்டும் வேலை செய்து, ஏப்ரல்–செப்டம்பரில் 120 நாள் உழைத்து, நவம்பரில் மஞ்சள் காமாலையில் படுத்தார் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 350 ரூபாய் கிடைக்கும் என்று அவர் நம்புவது இயல்பே. ஆயினும் நவம்பர் மாதத்துக்குரிய கணக்கு, பின்னால் உழைத்த 120 நாளைப் பார்ப்பதில்லை. முன்னால் குறைந்த 60 நாளையே பார்க்கிறது. மருத்துவம் கிடைக்கும், உதவித்தொகை கிடைக்காது. விதி தவறானது என்று சங்கம் வாதிடவில்லை. விதியை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகச் சாளரத்தின் முன் நின்று முதன்முறையாகக் கேட்க நேர்வதே தவறு என்கிறது.

சந்தா காலம் முடிவதற்கும் பயன் காலம் தொடங்குவதற்கும் இடையே மூன்று மாத இடைவெளி உள்ளது. இந்த ஏப்ரல்–ஜூன், அக்டோபர்–டிசம்பர் மாதங்களைச் 'சரிபார்ப்புக் காலம்' என்று அறிவித்து, முடிந்த அரையாண்டில் எத்தனை நாள் சந்தா பதிவாகியுள்ளது, அது எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பயன் தரும், 78 நாளுக்குக் குறைந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பவற்றை எளிய தமிழில் குறுஞ்செய்தியாகவும், நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையிலும், சம்பளச் சீட்டிலும் தெரிவிக்க வேண்டும் என்பது சங்கத்தின் தலையாய கோரிக்கை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்போருக்கு ஒடியாவிலும் இந்தியிலும் அதே செய்தி செல்ல வேண்டும்.

திருப்பூரில் தீபாவளி போனஸ் வாங்கியபின் கம்பெனி மாறுவது வழக்கம் என்பதால், காப்பீட்டு எண் பற்றிய சிக்கல் இங்கு கூடுதல் கவனத்துக்குரியது. பத்து இலக்கம் கொண்ட அந்த எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றே; ஆனால் புதிய இடத்தில் பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாகப் பதிவு செய்துவிட்டால், ஒரே சந்தா காலத்தில் ஓர் எண்ணில் 40 நாளும் மற்றோர் எண்ணில் 45 நாளுமாகப் பிரிந்து, 85 நாள் உழைத்தவரும் 78ஐ எட்டாதவர் ஆகிவிடுகிறார். சரிபார்ப்புக் காலத்தில் ஆதாரைக் கொண்டு இத்தகைய எண்களைக் கண்டறிந்து, தொழிலாளி அலையாமல் கிளை அலுவலகமே ஒன்றிணைத்துத் தர வேண்டும். நிறுவனமோ காண்ட்ராக்டரோ பிடித்த சந்தாவைக் கட்டாமல் விட்டிருந்தால், அதை அவர்களிடம் வசூலிக்கும் பொறுப்பைக் கழகம் ஏற்று, தொழிலாளியின் பயனை நிறுத்தாதிருக்க வேண்டும். குற்றம் செய்யாதவர் காத்திருப்பது முறையன்று.

குடும்பப் பதிவும் சரிபார்ப்புக் காலத்திலேயே புதுப்பிக்கப்படலாம். பிறந்த குழந்தையின் பெயர் சேர்க்கப்படாமலும், ஊரில் வாழும் பெற்றோருக்கு அவ்வூருக்கு அருகிலுள்ள டிஸ்பென்சரி குறிக்கப்படாமலும் இருப்பது சிகிச்சை தேவைப்படும்போதே வெளிப்படுகிறது. மனிதவளப் பிரிவு இல்லாத சிறு யூனிட்டுகளில் இதைச் செய்துதர ஆளில்லை என்பதால், தொழிற்பகுதிகளிலேயே மாலை நேர முகாம்கள் நடத்தப்பட வேண்டும். வார நாளில் அலுவலகத்துக்கு வரச் சொல்வது பீஸ் ரேட் தொழிலாளியிடம் ஒரு நாள் கூலியைக் கேட்பதற்குச் சமம்.

2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாயாக உள்ள ஊதிய வரம்பை உயர்த்துவது மத்திய அரசின் முடிவுக்குரியது. அக்கோரிக்கையைச் சங்கம் தனியே அனுப்பும். எனினும் சந்தா காலத்தின் நடுவில் ஊதியம் வரம்பைத் தாண்டினாலும் அக்காலம் முடியும்வரை சந்தாவும் பாதுகாப்பும் தொடரும் என்பதை நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை வாயிலாக நினைவூட்டுவது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதே.

தமிழ்நாட்டில் மருந்தும் சிகிச்சையும் பெரும்பாலும் மாநில அரசின் பொறுப்பு, உதவித்தொகை கழகத்தின் பொறுப்பு என இருப்பதால், டிஸ்பென்சரியில் சான்று பெற்றவர் கிளை அலுவலகத்துக்கும், அங்கிருந்து திருத்தத்துக்காக மீண்டும் டிஸ்பென்சரிக்கும் நடக்கிறார். இரு துறையினரும் ஒரே மேசையில் அமரும் உதவி மையத்தை முதற்கட்டமாகத் திருப்பூரில் அமைத்து, நடப்புச் சந்தா காலம் முடிவதற்குள் சங்கப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி, எடுக்கும் முடிவை எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இவண்,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்