ஓசை வலிமையாகுமா?

மோட்டார் சைக்கிளின் சைலன்சரை அறுத்து, உள்ளிருக்கும் தடுப்புத் தகடுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வீதி அதிரப் பறப்பதே வீரம் என்று நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். செலவு சொற்பந்தான், ஓர் இரும்பறுக்கும் வாளும் சிறிது வெல்டிங் வேலையும் போதும். ஆனால், அச்செலவில் அவர்கள் பெற்றது வலிமையா? அன்று, வெற்றோசை!

காபரேட்டரும் புகைக்குழாயும் ஒன்றுக்கொன்று இயையக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. ஒன்றைத் திறந்து மற்றதைத் தொடாது விட்டால் கலவையில் பெற்றோல் குறையும்; இயந்திரம் சூடேறும்; குறைந்த வேகத்தில் இழுவை தளரும். கூடுவது ஒலி ஒன்றே. பத்து டெசிபல் ஏறினால் ஒலியாற்றல் பத்து மடங்கு! அது யார் தலையில் இடியாக விழுகின்றது? உறங்கும் குழந்தையின் தலையில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நோயாளியின் தலையில்!

“கையில் காசில்லை” என்பர் சிலர். அந்தோ, இதுவும் ஒரு நியாயமா? கிழக்கு ஜேர்மனியில் எம்.இசட். தொழிற்சாலையின் பொறியியலாளர் வால்ட்டர் காடனிடம் மட்டும் காசு குவிந்து கிடந்ததா? 1950களில், பணமும் பொருளும் தட்டுப்பட்ட நிலையில், அவர் குழாயை அறுக்கவில்லை, அளந்தார். டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தின் புகைக்குழாயை முதலில் விரிந்து பின்னர் ஒடுங்கும் கூம்புகளாகச் செம்மைப்படுத்தினார். விரியும் கூம்பு திருப்பிய அலை எரிந்த வாயுவை உறிஞ்சி இழுத்தது. ஒடுங்கும் கூம்பு திருப்பிய அலை தப்பியோடிய புதுக்கலவையைச் சிலிண்டருக்குள் மீளத் தள்ளியது. 1961இல் 125 சி.சி. இயந்திரம் 25 குதிரைவலு ஈந்தது!

அதே ஆண்டில் எம்.இசட். ஓட்டவீரர் ஏர்ண்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று, அந்த வித்தையை யப்பானின் சுசூக்கியிடம் சேர்த்தார். 1962இல் சுசூக்கி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. செல்வம் படைத்த கம்பெனி நாடியது ஏழைத் தொழிற்சாலையின் ஓசையையா? அதன் அறிவை அன்றோ!

2025இல் நம் நாட்டுப் பொலிசார் சட்டத்துக்கு மாறான வாகன மாற்றங்களை அகற்ற முனைந்தனர். குழாயைக் கழற்ற அவர்களால் முடியும். மயக்கத்தைக் கழற்ற முடியுமா? கராஜுகளில் கைத்திறன் மிக்க பிள்ளைகள் பலர் உளர். அவர்களுக்கு அலையையும் அளவையையும் கற்பிக்க மாலை வகுப்புகளைத் தொழில்நுட்பக் கல்லூரிகள் திறக்கட்டும். தண்டப்பணம் அறவிடுவதில் காட்டும் வேகத்தை அரசு இதிலும் காட்டட்டும்.

இளைஞரே! அறுப்பதற்கு அறிவு வேண்டியதில்லை, அளப்பதற்கு வேண்டும். அறுக்கும் வாளை வைத்துவிட்டு அளவுகோலை எடுங்கள்!