புகையா, தணலா?

இறைச்சிக்கு ருசி தருவது விறகா, கரியா, சொட்டும் கொழுப்பா என்பது புரிந்தால், தந்தூர் அடுப்பு பற்றிய சண்டை பாதியாகக் குறையும்.

காஷ்மீர் கல்யாண விருந்தான வாஸ்வானில் முப்பத்தாறு வகைகள் வரை பரிமாறுவார்கள் என்பது பலருக்கும் தெரியும். அவை எந்த விறகில் வேகின்றன என்று யாரும் கேட்பதில்லை. வாஸா எனப்படும் பரம்பரைச் சமையல்காரர்கள் திறந்தவெளியில் நீளமாக அடுப்பு மூட்டி, ஈயம் பூசிய செம்புப் பாத்திரங்களை வரிசையாக ஏற்றி இரவெல்லாம் சமைக்கிறார்கள். பள்ளத்தாக்கைச் சுற்றிலும் தேவதாருவும் பைனும் அடர்ந்து நிற்கின்றன. ஆனால் வாஸா கேட்பது ஆப்பிள், பேரி, பிளம், ஆப்ரிகாட் போன்ற பழ மரங்களின் விறகை.

இதில் சம்பிரதாயத்தைவிடக் காரியம்தான் அதிகம். பைன், தேவதாரு வகை மரங்களில் பிசின் நிறைய. சடசடவென்று கொழுந்துவிட்டு எரிந்து, கரும்புகை கக்கி, சீக்கிரம் அடங்கிவிடும். அந்தப் புகை பட்ட இறைச்சியில் டர்பன்டைன் வாடை அடிக்கும். டர்பன்டைன் எடுப்பதே பைன் பிசினிலிருந்துதானே! பழ மரம் கெட்டியானது. நிதானமாக எரிந்து, நின்று எரியும் தணலாக மாறும். காஷ்மீரில் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை. குளிர்காலத்தில் கவாத்து செய்த கிளைகளும் காய்ப்பு ஓய்ந்த மரங்களும் விறகாகின்றன. மூடிய செம்புப் பாத்திரத்துக்குள் புகை அவ்வளவாகப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரிஸ்தாவுக்கும் கோஷ்டாபாவுக்கும் பழ மரம் தருவது வாசனையை விடச் சீரான சூட்டை. நேராக நெருப்பில் காட்டும் கபாப்தான் புகையின் பங்கைப் பெறுகிறது.

புகை என்பது என்ன? மரத்தை விறைப்பாக நிற்க வைக்கும் லிக்னின் என்ற பொருள் கடும் சூட்டில் உடையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற வேதிப்பொருள்கள் பிறக்கின்றன. புகை வாசனை என்று நாக்கும் மூக்கும் அடையாளம் காண்பது பெரும்பாலும் இவற்றைத்தான். ஆப்பிள், ஓக், கொய்யா போன்ற அகன்ற இலை மரங்கள் இரண்டையும் தருகின்றன. பைன் வகையிலிருந்து சிரிங்கால் அநேகமாகக் கிடைப்பதே இல்லை. மரத்தின் இன்னொரு பாகமான செல்லுலோஸ் சார்ந்த பொருள்கள் எரிந்து, இறைச்சியின் மேல்தோலுக்குச் செம்பழுப்பு நிறத்தையும் லேசான புளிப்பையும் சேர்க்கின்றன.

ஆப்பிளுக்கும் பிளம்முக்கும் நடுவே ருசியில் பெரிய வித்தியாசம் உண்டென்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரே மரத்தைப் பச்சையாக எரித்தால் கசப்பு, காய வைத்து எரித்தால் மணம். காற்று போதாமல் புழுங்கினால் வெண்புகை திரண்டு இறைச்சியில் புகைக்கரி படியும். போதிய காற்றுடன் எரிந்தால் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் நீலப் புகை வரும். சமையல்காரனுக்கு வேண்டியது இரண்டாவது. மரத்தின் ஜாதியை விட அது எரியும் விதம்தான் முக்கியம்.

இனி கரிக்கு வரலாம். காற்றை அடைத்து மரத்தை மூட்டம் போடும்போதே, வாசனை தரக்கூடிய பொருள்கள் எல்லாம் ஆவியாகிப் போய்விடுகின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் கார்பன். அப்படியானால் பழைய தில்லியில் ஜாமா மசூதி எதிரே சீக் கபாப் கடைகளைத் தாண்டும்போது மூக்கைத் துளைப்பது எது? கம்பியிலிருந்து கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கங்கில் விழுந்து, பொசுங்கிப் புகையாகி மறுபடி இறைச்சியிலேயே ஏறுகிறது. அந்த வாசனையில் கரிக்கு உள்ள பங்கு, சுடுகல்லின் பங்குதான்.

சந்தேகம் உள்ளவர்கள் ராஜஸ்தானிலும் லக்னோவிலும் வழக்கத்தில் இருக்கும் துங்காரைப் பார்க்கலாம். சமைத்த இறைச்சியின் நடுவே ஒரு சின்னக் கிண்ணம். அதில் கனன்ற கரித்துண்டு ஒன்று, அதன் மேல் ஒரு கரண்டி நெய், வேண்டுமானால் இரண்டு கிராம்பு. உடனே மூடி போட்டுவிடுவார்கள். சில நிமிடங்களில் பாத்திரம் முழுக்கப் புகை மணம். நெய் ஊற்றாமல் வெறும் கரியை மட்டும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இந்த வேறுபாடு சமையலறையோடு நிற்கவில்லை. இன்று அது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மும்பையின் காற்று மாசு வழக்கில், விறகையும் கரியையும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் மாசு குறைந்த எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. தந்தூர் வைத்திருக்கும் ஓட்டல்களுக்கும் தாபாக்களுக்கும் மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. தில்லியில் காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டிவிட்டால் அமலுக்கு வரும் கட்டுப்பாடுகளில், ஓட்டல் தந்தூர்களில் நிலக்கரியும் விறகும் கூடாது என்பதும் ஒன்று. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ‘தந்தூரியின் ருசியே போச்சு’ என்று ஒரு தரப்பும், ‘மூச்சை விட ருசி பெரிதா’ என்று இன்னொரு தரப்பும் கிளம்புகின்றன.

இரண்டு தரப்பும் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதே குழப்பம். இந்தியில் ‘கோயலா’ என்றால் சுரங்கத்து நிலக்கரியும் ஆகும், அடுப்பின் மரக்கரியும் ஆகும். தமிழிலும் ‘கரி’ என்ற ஒரே சொல்தான். (கறி எழுத்தால் தப்பித்தது.) நிலக்கரியில் கந்தகம் உண்டு. உணவுக்கு அடியில் அதற்கு இடமே இல்லை. விறகிலும் எல்லாம் ஒன்றல்ல. மும்பை பேக்கரிகள் பலவற்றில் எரிவது தோப்பிலிருந்து வந்த மரமல்ல. மலிவாகக் கிடைக்கும் உடைந்த மேஜை நாற்காலிகளும் இடித்த வீடுகளின் ஜன்னல் சட்டங்களும் எரிகின்றன. பெயின்ட், வார்னிஷ், பிளைவுட் பசை எல்லாம் சேர்ந்தே எரிகின்றன. பாவ் ரொட்டியின் பாரம்பரிய ருசி என்று இதை வாதாடுவது கொஞ்சம் அதிகம்.

தந்தூரிக் கோழியைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்கலாம். களிமண் சுவரின் அனலும் சுவரிலும் அடியிலும் பட்டுப் பொசுங்கும் கொழுப்பும் எரிவாயுத் தந்தூரிலும் உண்டு. இழப்பு இருந்தாலும் கொஞ்சம்தான். கஷ்டம் பணத்தில் இருக்கிறது. பெரிய ஓட்டல் ஒரே வாரத்தில் அடுப்பை மாற்றிவிடும். நடைபாதையில் ஒரே ஒரு சிக்ரி வைத்துக் கபாப் சுடுபவருக்கு அது பல மாத வருமானம். மாற்றச் சொல்கிற அரசு அவருடைய அடுப்புக்கும் சிலிண்டருக்கும் கைகொடுக்காவிட்டால், கடைசியில் ஒழியப்போவது அவர் கடைதான். ஆனால் பத்து மணி நேரம் அந்தக் கங்குக்கு முன்னால் நின்று மூச்சு விடுபவரும் அவரேதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வடகிழக்கின் கதை வேறு. நாகாலாந்து வீடுகளில் சமையலறை அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் தொங்கும். பன்றி இறைச்சித் துண்டுகள் அங்கே நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் கிடந்து, ஈரம் வற்றி, கறுத்து இறுகும். ஊறிப் புளித்த சோயாவான அகுனியோடோ, சேப்பங்கிழங்கு இலையில் செய்யும் அனிஷியோடோ அது குழம்பாகும். இங்கே புகை, குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியைக் கெடாமல் காப்பாற்றிய முறை. கோஹிமாவுக்கு அருகில் உள்ள கொனோமா கிராமத்தில் மலைச்சரிவு வயல்களுக்கு நடுவே ஆல்டர் மரங்களை வளர்க்கிறார்கள். அடிமரத்தை விட்டுத் தலையை மட்டும் வெட்டுவார்கள். மரம் மறுபடி துளிர்க்கும். வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், வெட்டிய கிளை அடுப்புக்குப் போகும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீனுக்குப் புகை போடத் தேடிப் பிடிப்பதும் இன்னொரு வகை ஆல்டரைத்தான்.

தெற்கு தில்லியின் ஹுமாயூன்பூர் சந்துகளில் உள்ள வடகிழக்கு உணவகங்களில் இந்தப் பன்றி இறைச்சி கிடைக்கிறது. இதை எரிவாயு அடுப்பில் செய்து காட்ட முடியாது. புகையை எடுத்துவிட்டால் பண்டமே இல்லை. ஆனால் இதற்கும் விலை உண்டு. அடுப்புப் புகை வீட்டுப் பெண்களின் நுரையீரலிலும்தான் ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல், உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தினமும் தின்னக் கூடியது அல்ல. புகைப்பரணைச் சமையலறையிலிருந்து பிரித்து, வெளியே தனிக் கொட்டகையில் வைப்பது இரண்டு சங்கடங்களில் ஒன்றையாவது தீர்க்கும்.

வீட்டு மாடியில் சுட்டுப் பார்க்கும் ஆசை இப்போது நகரங்களில் பரவியிருக்கிறது. அவர்கள் கவனிக்க வேண்டியது அதிகமில்லை. சூட்டுக்கு மரக்கரி அல்லது தேங்காய்ச் சிரட்டைக் கரி. மணத்துக்குக் கொய்யா, ஆப்பிள் போன்ற பழ மரத்தின் காய்ந்த சில்லு, பட்டை சீவியது. சில்லைத் தண்ணீரில் ஊறப்போடுவது வீண் வேலை. நீர் வற்றும்வரை வருவது நீராவிதான். மாவும் முந்திரியும் பால் அரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கலாம். அரளியைக் குச்சியாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது, அதன் எல்லாப் பாகமும் விஷம். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் வேண்டாம். அதன் பால் கண்ணைக் கெடுக்கும், புகையும் எரிக்கும்.

கடையிலும் இணையத்திலும் அமெரிக்க மரச்சில்லுகள் பொட்டலமாக வருகின்றன. ஹிக்கரி, ஓக் ஆகியவற்றோடு மெஸ்கீட் என்று ஒன்று. டெக்சாஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் இந்த மெஸ்கீட் வேறு யாருமல்ல, நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. ஜமைக்காவிலிருந்து வந்த சீமைக் கருவேல விதைகள் 1877இல் கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்டன. பிறகு அது கட்ச்சிலிருந்து ராமநாதபுரம் வரை பரவியது. அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டும் மரம் அசையவில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் பிழைப்பு.

காய்ந்த சீமைக் கருவேலத்தில் பட்டையைச் சீவி, முள்ளை நீக்கி, ஒரு கைப்பிடிச் சில்லைத் தணலில் போட்டால் போதும். மெஸ்கீட் இனத்தின் புகை காட்டமானது. ஆட்டிறைச்சி தாங்கும். கோழிக்குப் பாதி அளவு போதும். மீனுக்கு வேண்டாம், கசந்துவிடும்.